ஐந்து கதவுக் கொட்டகை

அத்தியாயம் 6

"இந்த வீட்டை வாங்க வந்த புருஷன் பொண்டாட்டி மாதிரி நடந்துக்கணும், தெரியுதா?" என்றாள் மேவிஸ் டாட்ஸ்.

"அப்படின்னா நான் வாயே திறக்கக் கூடாது" என்றான் டிரான்டர்.

மேவிஸ் இருபத்தாறு வருஷம் வீடு வீடாய்ப் போய் கேஸ் மீட்டர் படித்தவள். ஸ்கெல்பி ஊரில் அவள் நுழையாத வீடு கிடையாது, திறந்து பார்க்காத அலமாரி கிடையாது. ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறிய ஆரம்பித்துவிட்டாள். செங்கல் சுமந்தும் கதவு மாட்டியும் இரண்டு முட்டியையும் தேய்த்துக்கொண்ட டிரான்டர் அவளுக்கு உதவியாள். சம்பளம் பாதி, டீ முழுசு என்பது ஏற்பாடு.

ஹாலிவெல் தெரு பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டிருந்தது. தரகர் அரை மணி நேரத்துக்குச் சாவி கொடுத்திருந்தார். மணி பத்தே கால்.

தெருவில் ஒரு வெள்ளை வேன் நின்றது. அதன் வயிற்றில் ஓரடி உயர எழுத்தில் 'ரோனா பெக்கெட். நாய்களுக்கு முடிவெட்டு. வீடு தேடி வருவோம்' என்று எழுதி, கீழே போன் நம்பரும் போட்டிருந்தது. வேனுக்குள் ரோனா நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் பாதி வெட்டிய பூடில் நாய் ஒன்று, ஒரு பக்கம் ஆட்டுக்குட்டி மறுபக்கம் எலி என்ற நிலையில், நின்றபடியே தூங்கியது.

ரோனாவின் தொல்லை இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் ஐந்து பேர் ஆளுக்கொரு அறையில் குடியிருந்தார்கள். அந்த வருஷத்துக் கவுன்சில் வரியை, அதாவது நகராட்சி வீட்டு வரியை, யாரும் கட்டவில்லை. ஐந்து பேர் கூட்டாக ஒரே ஒப்பந்தம் போட்டு வீட்டை எடுத்திருந்தால், ஐவரில் எவர் அகப்பட்டாலும் முழு வரியையும் அவரிடமே வாங்கலாம் என்பது சட்டம். மற்ற நால்வரில் ஒருத்தி நியூஸிலாந்தில் ஆடு மேய்க்கிறாள். ஒருத்தி மூன்று கல்யாணம் செய்து மூன்று முறை பேர் மாற்றிக்கொண்டாள். ஒருவன் வடகடலில் எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறான். ஒருவன் துறவிமடத்தில் சேர்ந்து பேசுவதையே விட்டுவிட்டான். ரோனா மட்டும்தான் அதே ஊரில், பேரையும் போன் நம்பரையும் வேனில் எழுதிக்கொண்டு, தெருத்தெருவாய்ச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஜப்தி ஆளின் கூலியையும் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது பவுண்டு. இன்று பகல் பன்னிரண்டுக்குள் கட்டாவிட்டால் வேனை எடுத்துப் போவார்கள். வேன் போனால் அவள் பிழைப்பும் போயிற்று.

"ஆளுக்கொரு அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம்தான் போட்டோம், மேவிஸம்மா" என்று காலையில் ரோனா அழுதிருந்தாள். "அப்படின்னா வரி வீட்டுக்காரர் தலையிலதானே? ஆனா அந்த வீட்டுக்கார லம்ப் கவுன்சில்ல பொய் எழுதிக் குடுத்துட்டார். அஞ்சு சிநேகிதங்க சேர்ந்து மொத்த வீட்டையும் எடுத்தாங்கன்னு."

"உன் ஒப்பந்தக் காகிதம் எங்கே?"

"நாய் தின்னுடுச்சு."

"ஊர்ல எல்லாரும் சொல்ற பொய்யாச்சே அது" என்றான் டிரான்டர். "உன் விஷயத்துல மட்டும் நிஜமாத் தொலைஞ்சிருக்கு பாரு."

இப்போது இருவரும் மாடி ஏறினார்கள். டிரான்டரின் முட்டிகள் படிக்கொரு தடவை புகார் சொல்லின. மேலே மூன்று அறை, கீழே இரண்டு. எல்லாக் கதவும் புத்தம் புதுசு, வெள்ளைப் பெயின்ட். டிரான்டர் ஒரு கதவை விரலால் தட்டிப் பார்த்தான். வெறும் டப்பாச் சத்தம்.

"பிஸ்கட் அட்டை, மேடம். கோபமா அறைஞ்சு சாத்தினா தெருவுல போய் விழும்."

"கதவை விடு. நிலையைப் பாரு."

டிரான்டர் கண்ணைச் சுருக்கினான். கதவுநிலையின் உள்விளிம்பில் விரலை ஓட்டினான். முப்பது வருஷம் கதவு மாட்டிய விரல், பெயின்டுக்கு அடியில் இருப்பதைப் படித்துவிட்டது.

"இங்கே முன்னாடி ரொம்பக் கனமான கதவு இருந்திருக்கு. மூணு கீல் போட்ட பள்ளம், மக்குப் பசை வெச்சு அடைச்சிருக்கான். இதோ, பூட்டு நாக்கு போற பொந்து. இதையும் அடைச்சிருக்கான். மேலே நாலு திருகாணி ஓட்டை, அது கதவைத் தானா இழுத்து மூடற இரும்புக் கை. தீப்பிடிச்சா புகை பரவாம இருக்க மாட்டறது."

"படுக்கையறைக் கதவுக்குப் பூட்டும் இரும்புக் கையும் எவன் போடுவான்?"

"அறை அறையா வாடகைக்கு விடறவன். இல்லேன்னா பொண்டாட்டிக்குப் பயந்தவன்."

"லம்புக்குக் கல்யாணமே ஆகலை" என்றாள் மேவிஸ்.

அஞ்சு அறையிலும் அதே அடைத்த ஓட்டைகள். டிரான்டர் கையைத் தட்டிக்கொண்டான். "கேஸ் முடிஞ்சுது. டீ சாப்பிடலாமா?"

"அடைச்ச ஓட்டையைக் காட்டி யாரை நம்ப வைக்கிறது? கதவு வேணும்ப்பா. அந்த அஞ்சு கதவும் எங்கே?"

"பத்து வருஷம் முந்தின கதவு, மேடம். குப்பைக் கிடங்குல உளுத்துப் போயிருக்கும்."

பழக்க தோஷத்தில் மேவிஸின் கால் மாடிப்படிக்கு அடியில் இருந்த கேஸ் மீட்டர் அலமாரிக்குப் போயிற்று. திறந்தாள். வீட்டை முழுக்கக் காலி செய்தவர் இந்த அலமாரியை மறந்திருந்தார். கால்பந்து அளவுக்கு நூல்கண்டு ஒன்று, துண்டு துண்டாய் முடிச்சுப் போட்டுச் சுற்றியது. ஜாம் பாட்டில்களில் வளைந்த ஆணிகள், நீளவாரியாய். அதன் பக்கத்தில் ஒரு கட்டு அட்டை. மேவிஸ் மூக்குக் கண்ணாடியைப் போட்டாள்.

"'லீக்ஸ் பிரிவு. மூன்றாம் பரிசு. எ. லம்ப், ஹாலின் மேட்டுத் தோட்டம், மனை இருபத்திரண்டு.'" அடுத்த அட்டையைப் புரட்டினாள். மூன்றாம் பரிசு. அடுத்தது, மூன்றாம் பரிசு. "காய்கறிப் போட்டியில பன்னண்டு வருஷமா விடாம மூணாவது வந்திருக்கார் மனுஷன்."

"அதுக்கும் ஒரு விடாமுயற்சி வேணும்."

"வளைஞ்ச ஆணியை எறிய மனசு வராத ஆளு, அஞ்சு கனமான கதவை எறிவாரா, டிரான்டர்? வண்டியில ஏறு."

டிரான்டர் வேனின் பின்பக்கம் ஏறினான். வழியெல்லாம் பூடில் அவன் தோளில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே வந்தது.

*

கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்ட மனைகள் ஹாலின் மேட்டில் வரிசையாய்க் கிடந்தன. வேனை வேலிப் படலோரம் நிறுத்திவிட்டு ரோனா அதிலேயே இருந்தாள். லம்பைப் பார்த்தால் கையில் இருக்கும் கத்தரிக்கோல் சும்மா இருக்காது என்று அவளே சொன்னாள். மணி பதினொன்றே கால்.

இருபத்திரண்டாம் மனையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. நடுத்தோட்டத்தில் ஒரு கொட்டகை நின்றது. அதற்குச் சுவரே கிடையாது, கதவுகள்தான். முன்பக்கம் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, பின்னால் இரண்டு. இடைவெளியில் தகரம். ஒவ்வொரு கதவிலும் பித்தளை எண், பித்தளைப் பூட்டு, உச்சியில் இரும்புக் கை.

"மேடம்" என்றான் டிரான்டர் மெல்ல. "இது கொட்டகையா, ஹோட்டலா?"

கொட்டகைக்கு முன்னால், வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் போல, முழங்கை தடிமன் வெள்ளைத் தண்டோடு பதினாலு லீக்ஸ் செடிகள் வரிசையாய் நின்றன. அவற்றுக்குக் காவலாக ஒரு மடக்கு நாற்காலியில் எர்னி லம்ப். எழுபது வயசு. சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை. வந்தவர்களைக் கண்டதும் எழுந்து, கோழி குஞ்சை மறைப்பது போலக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"அங்கேயே நில்லு! யார் அனுப்பினா? சனிக்கிழமை போட்டி. அதுவரைக்கும் எவனும் என் லீக்ஸைப் பார்க்கக் கூடாது."

"நாங்க லீக்ஸைப் பார்க்க வரலை, கண்ணு" என்றாள் மேவிஸ். "உங்க கொட்டகையைப் பார்க்கத்தான் வந்தோம். ஊரே பேசுது."

லம்பின் கைகள் கொஞ்சம் இறங்கின. பன்னிரண்டு வருஷமாய் மூன்றாம் பரிசு வாங்குகிறவரிடம் ஒருவர் வந்து புகழ்ந்தால் அப்படித்தான்.

"ஊரே பேசுதா?"

"அப்படி ஒரு கட்டுமானமாம். இவர் தச்சு வேலைக்காரர். உள்ளே ஒரு தடவை பார்த்துட்டா ஆயுசுக்கும் போதும்ங்கறார்."

"முட்டி நல்லா இருந்தா மண்டியே போட்டிருப்பேன்" என்றான் டிரான்டர்.

"ஒரு நிமிஷம்தான். எதையும் தொடாதே. எருக் கலவை ரகசியம் உள்ளே இருக்கு."

டிரான்டர் ஒன்றாம் நம்பர் கதவைத் திறந்து உள்ளே போனான். இரும்புக் கை முனகிக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தியது. கும்மிருட்டு. மீன் எலும்பும் பழைய பீரும் சேர்ந்த நாற்றம். வந்த கதவைத் திறந்துவைத்துக்கொள்ளலாம் என்று திரும்பினான். எந்தப் பக்கம் தடவினாலும் ஒரு கைப்பிடி தட்டுப்பட்டது. ஒன்றைத் திருகினான். பின்னால் தகரம். அடுத்ததைத் திருகினான். ஒரு பீப்பாய்த் தண்ணீர் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. மூன்றாவதைத் திருகினான். வெளிச்சம்! பக்கத்து மனையில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்த தொப்பிக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னது, லம்ப் இதையும் வாடகைக்கு விட ஆரம்பிச்சுட்டாரா? எத்தனாம் நம்பர் ரூம் உனக்கு?"

"இன்னும் முடிவாகலைங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான் டிரான்டர்.

அப்புறம்தான் சட்டைப் பையில் போன் இருப்பது ஞாபகம் வந்தது. அதன் விளக்கைப் போட்டான். கதவின் உள்பக்கம், கண் மட்டத்தில், கண்ணாடித் தகட்டுக்குள் ஒரு காகிதம் நாலு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. அஞ்சு கதவிலும் ஒவ்வொன்று. தகட்டையும் திருகாணியையும் எறிய மனசு வராமல் அப்படியே கொண்டுவந்து நட்டிருக்கிறார். டிரான்டர் விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தான்.

'அறை எண் 3. குடியிருப்பவர்: செல்வி ர. பெக்கெட். இந்த அறைக்கு மட்டும் வாடகை வாரம் 70 பவுண்டு. தண்ணீர், கேஸ், கவுன்சில் வரி எல்லாம் அடக்கம். வரியை வீட்டுக்காரர் கட்டிவிடுவார். அடுத்தவர் பாலை எடுத்தால் வெளியேற்றப்படுவீர்கள். எ. லம்ப்.' தேதியும் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தையது.

அஞ்சையும் படம் பிடித்தான். வரியையும் வாங்கி, கட்டாமலும் விட்டு, கடைசியில் பொண்ணு தலையில் கட்டியிருக்கிறான் படுபாவி. டிரான்டருக்கு ஆத்திரத்தில் முட்டி வலிகூட மறந்துவிட்டது.

"உள்ளே போனது ஒண்ணாம் நம்பர்ல" என்றார் லம்ப், கொட்டகையின் பக்கவாட்டிலிருந்து அவன் வருவதைப் பார்த்து. "மூணுல எப்படி வெளியே வந்தே?"

"மூணுல கொஞ்ச நேரம் குடியிருந்தேங்க. வாடகை எழுபதுதானே?"

லம்பின் முகம் வெளுத்தது. மேவிஸ் போனை வாங்கிப் பார்த்தாள். மெதுவாகப் படித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக லம்பைப் பார்த்தாள்.

"உங்க கையெழுத்துதானே, லம்ப்? அந்தப் பொண்ணுகிட்ட வாரா வாரம் வரியையும் சேர்த்து வாங்கியிருக்கீங்க."

லம்ப் மறுக்கவில்லை. நிதானமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். வேலிப் படலோரம் நின்ற வேனை எட்டிப் பார்த்தார். அவர் முகத்துக்குத் திரும்பவும் ரத்தம் வந்தது.

"ஆமா, என் கையெழுத்துதான். இப்ப என்ன? கவுன்சிலுக்கு எழுதிப் போடுங்க. அவங்க படிச்சு, விசாரிச்சு, பதில் போட மூணு மாசம் ஆகும். ஜப்தி ஆள் எத்தனை மணிக்கு வர்றான்?"

"பன்னண்டு" என்றான் டிரான்டர், தன்னை அறியாமல்.

"மணி இப்ப பதினொண்ணு நாப்பது" என்றார் லம்ப். "வேலையைப் பாருங்க, தம்பி."

டிரான்டர் மேவிஸைப் பார்த்தான். இந்த ஒரு வருஷத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் நின்று அவன் பார்த்ததே இல்லை.

*

"வேண்டாங்க! இன்னும் நேரம் இருக்கு!"

ரோனாவின் குரல். இருவரும் ஓடினார்கள். டிரான்டர் ஓடியதை நடை என்று சொன்னாலும் தப்பில்லை.

வேனின் முன்சக்கரத்தில் மஞ்சள் பூட்டு விழுந்திருந்தது. பக்கத்தில் மண்டியிட்டிருந்தவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். தடித்த ஆள், நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'டெஸ்மண்ட் கிரீவ், ஜப்தி அலுவலர்' என்று இருந்தது. இடுப்பில் கார்டு தேய்க்கும் மெஷின், கையில் அட்டைப் பலகையும் பேனாவும்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள் ரோனா.

"மெயின் ரோட்டுலேருந்தே படிக்க முடியுதேம்மா." அவன் வேனின் எழுத்தைக் காட்டினான். "இப்ப பூட்டத்தான் செஞ்சிருக்கேன். இழுத்துட்டுப் போறது பன்னண்டுக்கு. பன்னண்டுன்னா பன்னண்டுதான்."

மேவிஸ் போனை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினாள். டெஸ்மண்ட் பொறுமையாகப் படித்தான். பெருமூச்சு விட்டான்.

"பார்த்தா உங்க பக்கம்தான் நியாயம். ஆனா என் காகிதத்துல இருக்கறது இந்தப் பொண்ணு பேரு. பேரை மாத்தறது ஆபீஸ் வேலை. நான் வெறும் வசூல் ஆளு." அவன் தயங்கினான். "அந்த வீட்டுக்காரர் இங்கேதான் இருக்காரா? ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். அவரா மனசு வெச்சுக் கட்டினா, யார் கட்டினாலும் எனக்கு ஒண்ணுதான்."

நாலு பேரும் இருபத்திரண்டாம் மனைக்கு நடந்தார்கள். லம்ப் மறுபடி எழுந்து கைகளை விரித்தார். டெஸ்மண்ட் எதையோ கேட்க வாயைத் திறந்தான். அந்தக் கைகளுக்கு அடியில் அவன் கண் போயிற்று. திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"அடேயப்பா."

பலகையைப் பிடித்தபடி லம்பைச் சுற்றிக்கொண்டு பாத்தி ஓரமாய் நடந்தான். ஒன்று, இரண்டு என்று பேனாவால் சுட்டி எண்ணினான்.

"பதினாலு" என்று எழுதிக்கொண்டான். குனிந்து ஒரு தண்டைச் சுற்றிப் பெருவிரலையும் நடுவிரலையும் வளைத்தான். எட்டவில்லை. "சுத்தளவு எவ்வளவு வருது?"

"எ... எதுக்குக் கேக்கறே?" என்றார் லம்ப்.

"எழுதி வெச்சுக்கத்தான்."

டிரான்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைத் திறந்தான். மேவிஸின் குதிகால் அவன் பாதத்தில் இறங்கியது. வாய் மூடிக்கொண்டது.

லம்ப் மேவிஸ் கையிலிருந்த போனைப் பார்த்தார். அடுத்து டெஸ்மண்டின் கழுத்து அட்டையை, பிறகு பலகையை.

"என் பேருக்கு மாத்திட்டாங்களா?" என்றார் கரகரத்த குரலில். "அதுக்குள்ளேயா?"

டெஸ்மண்டின் காதில் அது விழவேயில்லை. அவன் மூன்றாவது லீக்ஸின் முன் மண்டியிட்டிருந்தான். "இதையெல்லாம் என்னிக்குத் தோண்டுவீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னிக்கே எடுத்தாலும் தப்பில்லை போலிருக்கே" என்றான் டெஸ்மண்ட், ஒரு தண்டைக் காதலோடு தடவிக்கொண்டு.

லம்பின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடைத்த குழாயில் தண்ணீர் வரப்பார்ப்பது போல. "தொடாதே! கையை எடு! எவ்வளவு? எவ்வளவுன்னு சொல்லு! இப்பவே கட்டறேன், அதைத் தொடாதே!"

டெஸ்மண்ட் நிமிர்ந்தான். ஒன்றும் புரியவில்லை. ஆனால் பத்து வருஷத் தொழில் பழக்கத்தில், 'கட்டறேன்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் கை தானாக மெஷினை உருவியது.

"ரெண்டாயிரத்து எண்ணூத்து அறுபது. இங்கே சிக்னல் இல்லையே."

"அங்கே இருக்கும்!" என்று பீன்ஸ் கொடிக்குள்ளிருந்து தொப்பிக்காரியின் குரல் வந்தது. "எருமேட்டு உச்சியில! என் பொண்ணுகூட அங்கே ஏறித்தான் பேசுவேன்!"

மனையின் மூலையில் குதிரைச்சாணம் ஆளுயரத்துக்குக் குவிந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எர்னி லம்ப் ஒரு கையில் கார்டும் மறு கையில் மெஷினுமாய் அதில் ஏறினார். பாதி ஏறியதும் கணுக்கால் வரை போயிற்று, உச்சியில் முட்டி வரை. மெஷினைத் தலைக்கு மேல் தூக்கி நாலு திசைக்கும் காட்டினார். பிறகு நெஞ்சோடு அணைத்து, ரகசிய எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

மெஷின் கீச்சென்றது. வெள்ளைத் துண்டு ரசீது நாக்கு நீட்டியது.

பலகையையும் பேனாவையும் டிரான்டரிடம் நீட்டிவிட்டு, டெஸ்மண்ட் எருமேட்டில் எக்கி ரசீதைக் கிழித்து வாங்கினான். படித்துப் பார்த்து ரோனாவிடம் கொடுத்தான். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

"முடிஞ்சுதும்மா. உன் பேர்ல இனிமே ஒண்ணும் இல்லை."

"அப்ப அந்த லிஸ்டைக் கிழி!" என்றார் லம்ப் மேட்டின் மேலிருந்து.

"எந்த லிஸ்ட்?"

"என் லீக்ஸ் லிஸ்ட்! நீ எழுதினியே!"

டெஸ்மண்ட் டிரான்டர் கையிலிருந்த பலகையைத் திருப்பிக் காட்டினான். அதில் 'பதினாலு' என்ற ஒரே சொல்லும், அதற்குள் டிரான்டர் கிறுக்கிய மீசை வைத்த லீக்ஸ் படம் ஒன்றும் இருந்தன. படம் நல்லாவே வந்திருந்தது.

"என் மாமியாருக்குத் தோட்டம்னா உசுரு. இப்படி ஒண்ணைப் பார்த்தேன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. அதான் குறிச்சுக்கிட்டேன்."

லம்பின் முகத்தில் கோபம் வந்தது, போயிற்று, அழுகை வந்தது, அதுவும் போயிற்று.

"பணத்தைத் திருப்பிக் குடு."

"யார் கட்ட வேண்டியதோ அவர் கட்டியிருக்கார்" என்றாள் மேவிஸ். அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "அதை எதுக்குத் திருப்பணும், கண்ணு? கவுன்சிலுக்கு எழுதறதா இருந்தா எழுதுங்க. உங்க கையெழுத்துப் போட்ட அஞ்சு காகிதத்தையும் நானே கூட வெச்சு அனுப்பறேன்."

லம்ப் இறங்கப் பார்த்தார். கால் வரவில்லை. டிரான்டர் கை கொடுத்து இழுத்தான். லம்ப் வந்தார், ஒரு பூட்ஸ் வரவில்லை.

டெஸ்மண்ட் வேனுக்குப் போய்ச் சக்கரப் பூட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, யாருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுப் போனான். ரோனா ரசீதை இரண்டாக மடித்தாள். பிரித்தாள். இன்னொரு தடவை படித்து, மறுபடி மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினாள். என்ஜின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.

வேன் நகரவில்லை.

டிரான்டர் ஜன்னலில் சாய்ந்தான். "என்ன பொண்ணே, பெட்ரோல் இல்லையா?"

"இருக்கு." ரோனா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது. "ஒரு நிமிஷம் இருங்க, இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுக்கறேன்."

மேவிஸும் டிரான்டரும் வேலியில் சாய்ந்து நின்றார்கள். யாரும் அவசரப்படவில்லை.